கிரயமும் பாத்தியதையும்

2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிரெஞ்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலப்பரப்பு முழுவதையும் சுருக்கி ஒரு திரைக்குள் அடக்கி, நியூயார்க் நகரத்தில் புறப்பட்ட ஒருவன் சமவெளியும் மலையும் பாலையும் கடந்து பசிபிக் கடற்கரை வரை இடையில் எங்கும் தடைப்படாமல் வண்டி ஓட்டிச் செல்லலாம் என்னும்படி அமைந்த அதன் விஸ்தீரணமே அதற்குத் தனிப் பெருமையாயிற்று. கடையில் வட்டாக வாங்கியவர்கள் உண்டு. இணையத்தின் வழியே பணம் செலுத்தித் தங்கள் கணினியில் இறக்கிக்கொண்டவர்களும் உண்டு. இரு சாராரும் முழுக் கிரயத்தையும் கொடுத்தவர்களே. 2023 டிசம்பரில் அவ்விளையாட்டு விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. 2024 மார்ச் 31-ஆம் தேதி அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. அன்று முதல், ஒன்பது வருஷங்களுக்கு மேலாக அந்த வட்டை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவன் அதை எடுத்து இயந்திரத்தில் இட்டாலும் சர்வரைத் தேடிக் காணாமல் நின்றுபோகும் முகப்புத் திரை ஒன்றே அவனுக்குக் கிடைத்தது. அதோடும் விஷயம் முடியவில்லை. அடுத்த மாதம், இணையத்தில் வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து அவ்விளையாட்டின் உரிமமே ரத்து செய்யப்பட்டதைப் பலர் கண்டார்கள். சர்வர்களின் நிர்வாகமும், விளையாட்டில் இடம்பெற்ற பொருள்களுக்கான உரிமங்களும் காரணமாகக் கூறப்பட்டன.

பலர் கூடிப் போட்டியிடும் பந்தயங்களுக்கு நடுவிலே ஒரு பொதுக் கணினி வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்த விளையாட்டில், ஒருவன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து, இன்னொரு மனிதனின் சம்பந்தமே இல்லாமல் சாலையில் வண்டியை ஓட்டுவதற்கும்கூட நிறுவனத்தின் சர்வர் விழித்திருக்க வேண்டியிருந்தது. அவன் எவ்வளவு தூரம் முன்னேறினான், எந்தெந்த வண்டிகளைச் சம்பாதித்தான் என்ற கணக்கெல்லாம் அங்கேயே இருக்கும்படி ஆரம்பத்திலேயே அமைத்துவிட்டார்கள். சாலைகளின் உருவமும் வண்டிகளின் சப்தமும் வாங்கியவனிடமே இருந்தன. அவற்றை இயங்க விடும் அனுமதி மட்டும் வேறு இடத்தில் இருந்தது. ஆகவே அனுமதி நின்றபோது அவன் கையிலிருந்த சொத்து முழுவதும் பயனற்றதாயிற்று.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று கணினி சாஸ்திரத்தில் எந்த விதியும் இல்லை. 1990-களில் ஐடி சாஃப்ட்வேர் என்னும் அமெரிக்க நிறுவனம் ‘க்வேக்’ விளையாட்டை வெளியிட்டபோது, பலர் கூடி ஆடுவதற்கு வேண்டிய சர்வர் நிரலையும் ஆடுகிறவர்களிடமே கொடுத்துவிட்டது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் கணினியிலேயே அதை நடத்திக்கொண்டார்கள். அதே நிறுவனம் ‘டூம்’ விளையாட்டின் மூல நிரலை 1997-லும், க்வேக்கின் மூல நிரலை 1999-லும் உலகத்துக்குப் பொதுவாக்கியது. 1993-ல் பிறந்த டூம், அதை உண்டாக்கியவர்கள் கனவிலும் காணாத இயந்திரங்களில் எல்லாம் இன்றளவும் ஆடப்பட்டு வருகிறது. இடையில் வியாபாரத்தின் போக்கு மாறியது. திருட்டுப் பிரதிகளைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணமும், விளையாட்டினுள்ளேயே சிறுசிறு பொருள்களை விற்று ஓயாமல் வருமானம் பெறலாம் என்ற ஆசையும் சேர்ந்து, ஆடுகிறவனைச் சர்வரோடு பிணைத்து வைக்கும் ஏற்பாட்டை ஒரு பொது வழக்கமாக்கிவிட்டன. முதல் எண்ணத்தில் நியாயம் உண்டு. இரண்டாவதில் லாபம் உண்டு. ஆனால் இரண்டிலும், விளையாட்டின் ஆயுள் முடியும் காலத்தில் வாங்கியவனின் கதி என்ன என்ற கேள்விக்கு இடமில்லாமல் போனதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

விற்ற பொருளின்மேல் விற்றவனுக்கு எவ்வளவு தூரம் அதிகாரம் உண்டு என்னும் கேள்வி கணினியோடு பிறந்ததன்று. 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகத்தார் ஒரு நாவலை வெளியிட்டு, அதன் உள்ளே, இதன் விலை ஒரு டாலர், இதற்குக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் அனுமதி இல்லை, மீறினால் பதிப்புரிமையை மீறியதாகக் கருதப்படும் என்று ஓர் அறிவிப்பை அச்சிட்டார்கள். நியூயார்க்கில் மேசி என்னும் பெரிய அங்காடியை நடத்திவந்த ஸ்ட்ராஸ் சகோதரர்கள் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு அதை விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1908-ல் வந்த தீர்ப்பு, ஆசிரியனும் பதிப்பாளனும் தங்கள் நூலைப் பிறர் அச்சிடாதபடி தடுக்கலாமேயன்றி, ஒரு பிரதியை முறையாக விற்றபின் அந்தப் பிரதியை வாங்கியவன் எவ்விலைக்கு விற்கிறான் என்பதைக் கட்டுப்படுத்த முடியாது என்று அறுதியிட்டது. பழைய புத்தகக் கடைகளும், இரவல் நூலகங்களும், தந்தை வாங்கிய நூலை மகன் படிப்பதும் இத்தகைய ஒரு நியாயத்தின் நிழலில்தான் நிலைபெற்றிருக்கின்றன. உள்ளே என்ன அச்சிட்டிருந்தாலும், கிரயம் முடிந்தபின் பாத்தியதை கைமாறிவிட்டது என்பதே அந்த நியாயம்.

கணினி நிரல்களை விற்றவர்கள், நாங்கள் எதையுமே விற்கவில்லை என்று சொல்லி இந்த நியாயத்தைத் தாண்டிச் சென்றார்கள். வட்டும் பெட்டியும் உனக்கு. உள்ளே இருக்கும் நிரலை உபயோகிக்க ஓர் உரிமம் மட்டுமே தந்தோம், அதன் ஷரத்துகளை ஒப்புக்கொண்ட பிறகுதான் நீ பொத்தானை அழுத்தினாய் என்பது அவர்கள் வாதம். 2010-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் நிரலின் பழைய பிரதிகளை மறுவிற்பனை செய்தவர் தொடர்பான வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில் வேறு வழியில் சென்று, காலவரையறை இல்லாத உபயோகத்துக்கு ஒரே தொகையாக விலை வாங்கிக்கொண்டால் அது விற்பனையே என்றும், இணையத்தில் இறக்கிய நிரலையும் மறுவிற்பனை செய்யலாம் என்றும் கூறியது; ஆனால் 2019-ல் மின்நூல்கள் பற்றிய வழக்கில் அந்தச் சலுகையை நீட்டிக்க மறுத்துவிட்டது. சாமானியன் ஒருவன் நூறு பக்க ஒப்பந்தத்தைப் படித்து, அதன் உட்பொருளை உணர்ந்து, மனமொப்பி இசைவு தருகிறான் என்று எண்ணுவது நீதிமன்றங்களுக்குச் சௌகரியமான ஓர் அனுமானம். உண்மையில் அவன், தன் தந்தை புத்தகம் வாங்கிய அதே மனோபாவத்தோடுதான் விலை கொடுக்கிறான்.

இந்த மனோபாவத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் கலிபோர்னியா மாநிலம் ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்டு, 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, பிற்காலத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பண்டத்தை விற்கும் வியாபாரி, வாங்குகிறவன் பெறுவது ஓர் உரிமமே என்பதைத் தெளிவாக அறிவித்தாக வேண்டும். என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும்படி இறக்கித் தரப்படும் பண்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இச்சட்டம் அமலாகும் முன்பே, வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் அங்காடியில் பணம் செலுத்தும் பக்கத்தில் அப்படி ஓர் அறிவிப்புத் தோன்றிவிட்டது. உண்மையைச் சொல்லும்படி செய்வது நல்லதே. ஆயினும் வாங்கியவனுக்கு இதனால் புதிய பாத்தியதை எதுவும் பிறக்கவில்லை. தன் பொருள் ஒருநாள் பறிபோகக்கூடும் என்று முன்னதாகவே தெரிந்துகொள்ளும் உரிமை மட்டுமே அவனுக்குக் கிடைத்திருக்கிறது. வேறு விதமாகவும் வியாபாரம் செய்யலாம் என்பதற்குப் போலந்து நாட்டு ஜி.ஓ.ஜி. அங்காடி சாட்சியாக இருக்கிறது; அங்கே விளையாட்டை வாங்குகிறவன், பூட்டு எதுவுமில்லாத நிறுவற்கோப்பை எடுத்துத் தன் வட்டிலே சேமித்து வைத்துக்கொள்ளலாம்; அங்காடி மூடப்பட்டாலும் அது ஓடும்.

விளையாட்டு ஒன்றைப் பற்றி மட்டும் இவ்வளவு விஸ்தாரமாகப் பேசுவானேன் என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமை இல்லாதவர் விற்றது என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே தூரத்திலிருந்தபடி அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்ததும், பின்னர் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும் உண்மையே. அதே நிறுவனம் 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய மின்நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை நீக்கிவிட்டது. ஸ்பாட்டிஃபை என்னும் இசைச் சேவை நிறுவனம் விற்ற, காரில் பாட்டுக் கேட்பதற்கான ‘கார் திங்’ என்னும் சிறு கருவி 2024 டிசம்பரில் செயலிழக்கச் செய்யப்பட்டது. 699 டாலருக்கு விற்கப்பட்ட ஹ்யூமேன் நிறுவனத்தின் ‘ஏஐ பின்’ என்னும் சட்டையில் அணியும் கருவி, அந்நிறுவனத்தின் சொத்துகளை எச்.பி. வாங்கியதையடுத்து, 2025 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு தன் பிரதான வேலைகளை நிறுத்திக்கொண்டது. சட்டைப்பையிலும் காரிலும் அலமாரியிலும் இருக்கும் பொருள்களின் உயிர், வாங்கியவன் கண்ணால் காணாத ஒரு கட்டடத்தில் இருக்கிறது.

எனினும் விளையாட்டுகளின் விஷயத்தில் மட்டும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. அவை நம் காலத்தின் ஒரு கலை. ஓவியனும் இசையமைப்பாளனும் கதாசிரியனும் கணிதம் வல்ல நிரலாசிரியனும் வருஷக்கணக்கில் கூடி உழைத்து உண்டாக்கும் படைப்பைப் பொழுதுபோக்கு என்று சொல்லித் தள்ளிவிடுவதன் விளைவை நாம் ஒரு முறை அனுபவித்திருக்கிறோம். நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகிய ‘கீசக வதம்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. 1931-ல் டி.பி. ராஜலட்சுமி நடித்து வெளிவந்த ‘காளிதாஸ்’ படமும் அப்படியே. தமிழ்ப் பேசும் படத்தின் பிறப்பை நாம் விளம்பரங்களையும் செய்திக் குறிப்புகளையும் கொண்டுதான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் படச்சுருளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றாததற்குக் காரணம், அது நாலு வாரம் ஓடி முடியும் சரக்கு என்று எல்லாரும் நினைத்ததே. அமெரிக்காவில் மட்டும் என்ன? அங்கே தயாரான முழுநீள மௌனப் படங்களில் நூற்றுக்குப் பதினான்கே அசல் வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என்று காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் செய்த ஆய்வில், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று தெரியவந்தது. விற்பனைக்குக் கிடைக்காமற் போவதும் அடியோடு அழிவதும் ஒன்றல்ல என்பது மெய்தான். அவற்றின் வட்டுகளும் பெட்டிகளும் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன, தேடினால் அகப்படும். சர்வரை நம்பிப் பிறந்த விளையாட்டுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பத்தாயிரம் வீடுகளில் வட்டு இருந்தாலும் ஒன்றும் ஓடாது.

நூலகங்கள் இந்தப் பொறுப்பை ஏற்க முன்வராமலில்லை. அவற்றுக்கு வழிதான் அடைபட்டிருக்கிறது. கடையில் கிடைக்காத பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்தே பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று நூலகங்களின் சார்பில் எழுந்த கோரிக்கையை, விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்ததைத் தொடர்ந்து, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. ஒரு பழைய நூலின் நுண்படத்தைத் தன் பல்கலைக்கழகத்திலிருந்தே பார்வையிடும் அறிஞன், ஒரு பழைய விளையாட்டைப் பார்க்க மட்டும் அது இருக்கும் கட்டடத்துக்கு நேரில் பிரயாணம் செய்ய வேண்டும் என்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. 2025 ஜூன் மாதத்தில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்விட்ச் 2 இயந்திரத்துக்கான விளையாட்டுகளில் சில, உள்ளே விளையாட்டே இல்லாமல் இணையத்திலிருந்து அதை இறக்கிக்கொள்ளும் சாவியை மட்டும் தாங்கிய அட்டைகளாக விற்கப்படுகின்றன. உள்ளடக்கத்தைத் தன்னகத்தே கொள்ளாதவை என்பதால் அவற்றைச் சேகரிப்பதற்கில்லை என்று ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் அறிவித்துவிட்டது. கடையில் விலைபோகும் பொருள் ஒன்று, ஒரு தேசத்தின் நூலகம் அலமாரியில் ஏற்கத் தகுதியற்றதாக இருக்கிறது.

‘தி க்ரூ’ நிறுத்தப்பட்டதைக் கண்டு வெகுண்டெழுந்தவர்களில் முதன்மையானவர் ராஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கர். பழைய விளையாட்டுகளைப் பற்றி வெகுகாலமாக யூடியூபில் பேசி வந்த அவர், 2024 ஏப்ரலில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்முயற்சி என்று ஒரு முறை உண்டு. ஓராண்டுக்குள் பத்து லட்சம் பேரின் ஆதரவும், ஏழு நாடுகளிலாவது குறித்த அளவு கையெழுத்துகளும் சேர்ந்தால், ஐரோப்பிய ஆணையம் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்துப் பதில் கூறியே தீர வேண்டும். அம்முறைப்படி இவ்வியக்கத்துக்காக 2024 ஜூலை இறுதியில் தொடங்கிய கையெழுத்துச் சேகரிப்பு பல மாதங்கள் மந்தமாக நடந்து, பலரும் கைவிட்டுவிட்ட நிலையில், கடைசி வாரங்களில் திடீரென்று வேகம் கொண்டு 2025 ஜூலை தொடக்கத்தில் பத்து லட்சத்தைக் கடந்தது. பிரிட்டனிலும் தனியே ஒரு விண்ணப்பம் எழுந்து, சட்டத்தை மாற்றும் உத்தேசம் இல்லை என்று அரசாங்கம் கூறியபோதிலும், 2025 நவம்பரில் பார்லிமென்டில் விவாதிக்கப்பட்டது. விளையாட்டுக்காக இத்தனை பேர் கூடினார்களா என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. தாங்கள் விலை கொடுத்த பொருளுக்காக நுகர்வோர் சட்டத்தின் வழியே, ஒரு கூச்சலும் கலகமும் இல்லாமல், இவ்வளவு பேர் கையெழுத்திட்டதை நான் குடிமை உணர்ச்சியின் நல்ல அறிகுறியாகவே கருதுகிறேன். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்களாக இருப்பின் அது இன்னும் சந்தோஷத்துக்குரியது.

ஐரோப்பாவில் விளையாட்டு நிறுவனங்களின் சங்கமாகிய வீடியோ கேம்ஸ் யூரோப் எழுப்பும் ஆட்சேபங்களை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆடுகிறவர்கள் தாங்களே சர்வர் நடத்தினால் அங்கே நடக்கும் தகாத காரியங்களுக்கு யார் பொறுப்பு என்றும், இணையத்துக்காகவே உருவான விளையாட்டுகளை மாற்றியமைக்கும் செலவு தாங்காது என்றும், புதிய படைப்புகளை உண்டாக்கும் துணிச்சலே குறைந்துவிடும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒரே சமயத்தில் உலவும் விளையாட்டுகளின் சர்வர், பல நிறுவனங்களின் நிரல்களை ஒன்றோடொன்று பின்னி அமைந்தது. அதை ஒரு வீட்டுக் கணினியில் இறக்கிக் கொடுத்துவிடுவது லேசான வேலை அன்று. ஆனால் இயக்கத்தார் சர்வரை என்றென்றைக்கும் நடத்தும்படி கேட்கவில்லை. மூல நிரலைத் தானமாகக் கொடுக்கும்படியும் கேட்கவில்லை. விற்பனையும் ஆதரவும் முடிந்தபின், நிறுவனத்தின் உதவி இல்லாமல் ஏதோ ஒரு நியாயமான அளவில் அது இயங்கும்படி விட்டுச்செல்லுங்கள் என்பதே கோரிக்கை. முடிந்த விளையாட்டைக் கிண்டி மாற்றுவதற்குப் பெரும் செலவாகும் என்றால், இனிமேல் பிறக்கப்போகும் விளையாட்டுகளை முதல் வரைவிலேயே அதற்கு இடம்வைத்துக் கட்டலாமே? கட்டடத்துக்கு அவசர வழி வைக்கும்படி சட்டம் கேட்கத் தொடங்கியபோதும், பழைய கட்டடங்களுக்குச் சலுகை தந்து புதியவற்றுக்கே அதைக் கட்டாயமாக்குவது நடைமுறைதான்.

மனமிருந்தால் செய்யக்கூடியது என்பதைத் தொழிலிலுள்ளவர்களே காட்டியிருக்கிறார்கள். வெலான் ஸ்டுடியோஸ் என்னும் சிறிய நிறுவனம் 2023 ஜூனில் தன் ‘நாக்அவுட் சிட்டி’ விளையாட்டின் சர்வர்களை மூடியபோது, ஆடுகிறவர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் தனிப் பதிப்பு ஒன்றைக் கணினிக்கு வெளியிட்டுவிட்டு விடைபெற்றது. பெரிய நிறுவனங்கள் வேறு வழியில் கண்ணியமாக நடந்துகொண்டதும் உண்டு. 2023 ஜனவரியில் ஸ்டேடியா என்னும் தன் இணைய விளையாட்டுச் சேவையை மூடிய கூகுள், விளையாட்டுகளுக்கும் தன் அங்காடியில் விற்ற கருவிகளுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தது; 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கன்கார்ட்’ விளையாட்டை இரண்டே வாரங்களில் திரும்பப் பெற்ற சோனியும் அவ்வாறே செய்தது. பணம் திரும்புவது வாங்கியவனுக்கு நியாயம் செய்கிறது. ஆனால் அந்தப் படைப்பில் வருஷக்கணக்கில் உழைத்த ஓவியனுக்கும் இசைவாணனுக்கும் தங்கள் உழைப்பைப் பிறருக்கு எடுத்துக் காட்ட ஓர் இடம் இல்லாமல் போகிறது.

‘தி க்ரூ’வின் கதை இதற்கிடையே இன்னொரு திருப்பத்தை அடைந்திருக்கிறது. அதை நேசித்த தன்னார்வலர்கள் சிலர், விளையாட்டும் சர்வரும் பேசிக்கொண்ட முறையை ஆராய்ந்து, அந்தச் சர்வரைப் போலவே பதில் சொல்லும் ஒரு நிரலைத் தாங்களே எழுதி 2025-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கணினிப் பதிப்பின் கோப்புகளைக் கைவசம் வைத்திருந்தவர்கள் மறுபடி நியூயார்க்கிலிருந்து பசிபிக் கரைக்கு ஓட்டிச் செல்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் துணையும் மூல நிரலும் இல்லாமல், ஓய்வு நேரத்தில், கூலியின்றி நடந்த காரியம் இது. யூபிசாஃப்ட் நிறுவனமும் எதிர்ப்பின் பலத்தை உணர்ந்து, தொடர்ச்சியாக வெளிவந்த ‘தி க்ரூ 2’, ‘மோட்டார்ஃபெஸ்ட்’ ஆகிய இரண்டுக்கும் சர்வர் இல்லாமலே ஆடும் வழி செய்து தருவதாக 2024 செப்டம்பரில் வாக்குக் கொடுத்தது. ‘தி க்ரூ 2’ அந்த வசதியை 2025-ல் பெற்றும்விட்டது. முடியாது என்று எண்ணப்பட்டது ஓராண்டில் முடிந்தது. முதல் விளையாட்டுக்கு மட்டும் அந்த அறிவிப்பில் இடமில்லை. அதற்குக் கிரயம் கொடுத்தவர்கள் இன்று அதை ஆடுவதென்றால், நிறுவனத்தின் சம்மதமின்றி அந்நியர் எழுதிக் கொடுத்த நிரலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது; அதை எழுதியவர்கள்மேல் என்றைக்காவது வழக்கு வந்தால் அவர்களைக் காக்க இன்றுள்ள சட்டத்தில் தெளிவான ஷரத்து எதுவும் இல்லை.